மீட்டரைக் கழற்றும் முன்

போன வாரம் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. லைட்டைப் போட்டால், இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் முள் ஏறுகிறது என்று புகார். சேர்ந்து நாலு மாதமான தம்பி, நான் டீ குடித்து முடிப்பதற்குள் டேஷ்போர்டு மீட்டரை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "அண்ணே, மீட்டர் போச்சு, மாத்திடலாமா?" என்றான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இதே புகாருக்கு நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பியூஸ் பார்க்காமல் விடுவது, ஒயர்களைச் சேர்க்கும் கப்ளரை முழுசாக அழுத்தாமல் விடுவது போன்றவை இரண்டு தடவை பட்டால் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மீட்டர் மேல் பழி போடுவது

கேபிள் காலத்தில் மீட்டரே அளந்தது. 1902-இல் பெர்லினில் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை வாங்கிய ஸ்பீடோமீட்டரின் தத்துவம்தான் நம் ஊர்க் கார்கள் பலவற்றில் நெடுங்காலம் ஓடியது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றும். அதைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி முள்ளைத் தள்ளும். மெல்லிய ஸ்பிரிங் ஒன்று அதைப் பின்னால் இழுக்கும். இப்போது மீட்டர் பெரும்பாலும் சென்சாரும் கம்ப்யூட்டரும் சொல்வதை வாங்கித் திருப்பிச் சொல்கிறது. அதற்கு வரும் தகவல் தப்பாக இருந்தால் முள்ளும் தப்பாகத்தான் நிற்கும்.

பதினெட்டு வருடத்துக்கு முன் அன்று வந்த காரின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். முதலில் ஹீட் சென்சாரை மாற்றினேன். அப்புறம் இன்ஜின் தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். முள் அடங்கவில்லை. சரி, மீட்டர்தான் என்று முடிவு கட்டி, சென்னை புதுப்பேட்டையில் பழைய மீட்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். அவருடைய மீட்டரைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொண்டேன். லைட்டைப் போட்டேன். முள் அதே மாதிரி ஏறியது.

மூன்றாம் நாள்தான் விஷயம் பிடிபட்டது. இடது பக்கக் கால் வைக்கும் இடத்துக்கு மேலே மீட்டரின் எர்த் ஒயர் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) பாடியில் சேரும் போல்ட் இருந்தது. டிங்கரிங் செய்தவர்கள் அந்த இடத்துக்கும் சேர்த்து பெயின்ட் அடித்து, அதன் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். லைட்டும் ப்ளோயரும் ஓடும்போது அந்தக் கரண்ட் முழுவதும் அந்த அரைகுறை இணைப்பு வழியாகப் போனது. மீட்டரின் எர்த் பூஜ்ஜியத்தில் நிற்காமல் முக்கால் வோல்ட் மேலே ஏறிவிட்டது. சென்சாருக்கு எர்த் இன்ஜினில் இருப்பதால் அது அப்படியே இருந்தது. தான் நிற்கும் தரை உயர்ந்ததால், சென்சார் பக்கம் வோல்ட் குறைந்ததாக மீட்டர் எடுத்துக்கொண்டது. அதன் கணக்கில் வோல்ட் குறைந்தால் சூடு. பெட்ரோல் முள்ளும் கூடவே கொஞ்சம் ஏறியதை நான் கவனிக்கவே இல்லை. லைட்டோடு சேர்ந்து இரண்டு முள்ளும் அசைந்தால் முதல் சந்தேகம் எர்த் மேல் வர வேண்டும். உப்புத்தாளால் பெயின்ட்டைச் சுரண்டி முறுக்கப் பத்து நிமிடம் ஆனது.

எர்த்தை நான் முதல் நாளே பார்த்தேன் என்பதுதான் வேதனை. மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்துப் பார்த்தேன், பீப் அடித்தது. ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் பீப் அடிக்கும். அது கரண்ட் தாங்குமா என்பது அந்தச் சத்தத்தில் தெரியாது. சரியான முறை இது: கப்ளர் மாட்டியபடியே இருக்கட்டும். இன்ஜின், லைட், ப்ளோயர் எல்லாம் ஓடட்டும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைக் கப்ளரின் பின்பக்கம் எர்த் ஒயரிலும், கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

கதை அங்கே முடியவில்லை. வண்டி ஓடியது 1,10,000 கிலோமீட்டர், மாட்டிய மீட்டரில் இருந்தது 62,000. இரண்டு வருடம் கழித்து அவர் காரை விற்கப் போனபோது, வாங்க வந்தவர் சர்வீஸ் பில்லைப் பார்த்துவிட்டு, கிலோமீட்டரைக் குறைத்திருக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு நேர்மை சொல்லிக்கொடுத்தவருக்கு என் அவசரத்தால் அந்தப் பேச்சு. இன்றைக்கு இதில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. சில கார்களில், சரியான சாவி இல்லாமல் வண்டியை ஓடவிடாத இம்மொபிலைசரின் தகவல் மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. வேறு மீட்டரை மாட்டினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

பேட்டரி லைட்டுக்கு எல்இடி மாட்டுவது

மீட்டர் பல்பு எல்லாவற்றையும் எல்இடி ஆக்கித் தரச் சொல்லி வருவார்கள். பழைய கார்களில் பேட்டரி படம் போட்ட அந்த ஒரு சிவப்பு விளக்கை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த பல்பு வழியாகப் போகும் சின்னக் கரண்ட்தான், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு சுருளை முதலில் உசுப்புகிறது. எல்இடியில் அவ்வளவு கரண்ட் போகாது, சார்ஜிங் நின்றுவிடலாம். இது தெரியாமல் நல்ல ஆல்டர்னேட்டரைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முள்ளை ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது

உள்ளே இருப்பது பட்டாணி அளவுப் பல்சக்கரங்கள் கொண்ட ஸ்டெப்பர் மோட்டார். நெம்பினால் மோட்டாரும் போகும்.

ஜிபிஎஸ்ஸை வைத்து ஸ்பீடோமீட்டரைத் திருத்துவது

ஜிபிஎஸ்ஸைவிட மீட்டர் வேகத்தைக் கூடக் காட்டுவது பழுது இல்லை. ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிப்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம்: பத்து சதவீதம், அதோடு 4 கிலோமீட்டர். உண்மையில் 100-இல் போகும்போது 114 வரை காட்டினாலும் அந்த விதிக்குள்தான் இருக்கிறது.

ஹீட் முள் நடுவில் நிற்பதை நம்புவது

இப்போதைய பல கார்களில் ஓட்டுபவர் பயப்படக் கூடாது என்று, ஒரு பெரிய வெப்ப வரம்பு முழுவதற்கும் முள்ளை நடுவிலேயே நிறுத்தி வைக்கிறார்கள். முள் அசையும்போது ஏற்கெனவே நேரமாகியிருக்கும். உண்மையான டிகிரியை, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பாருங்கள்.

கிலோமீட்டரைக் குறைக்கச் சொன்னால்

முடியாது என்று சொல்லுங்கள்.

சாவி போட்டதும் விளக்குகளைப் பார்க்காமல் விடுவது

சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். வெடித்துப் போன ஏர்பேக்கை மாற்றாமல் வண்டியை விற்க இது ஒரு வழி. ஏர்பேக் விளக்கை ஆயில் விளக்கோடு சேர்த்து ஒயர் போட்டு, இரண்டும் ஒன்றாக அணையும்படி செய்தவர்களும் உண்டு. வேறு வேலைக்கு வந்த வண்டியாக இருந்தாலும் இதைக் கவனித்து, சொந்தக்காரரிடம் சொல்லுங்கள்.

ஸ்கிரீன் இருட்டானதும் ஸ்கிரீனை மாற்றுவது

2014-இல் ஆடி டிடி காரில் முள்ளே இல்லாமல் 12.3 அங்குலத் திரை வந்தது. 2017-இல் வந்த டெஸ்லா மாடல் 3-இல் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மீட்டரே கிடையாது, எல்லாம் நடுத் திரையில். திரை பெரிதானாலும் பின்னால் வரும் முக்கியமான ஒயர்கள் கொஞ்சம்தான்: நேரடி பேட்டரி, சாவி வழியாக வரும் பவர், எர்த், அப்புறம் முறுக்கிய இரண்டு கேன் ஒயர்கள். கேன் என்பது வண்டியின் கம்ப்யூட்டர்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள 1986-இல் போஷ் நிறுவனம் வெளியிட்ட ஏற்பாடு. இன்ஜின் வேகமும் எச்சரிக்கைகளும் அந்த இரண்டு ஒயரில்தான் வருகின்றன. முதல் மூன்றையும் லைட், ப்ளோயர் எல்லாம் ஓடவிட்டு, லோடு கொடுத்துப் பாருங்கள். அப்புறம் பேட்டரியைக் கழற்றிவிட்டு கேன் ஒயர்களுக்கு இடையே ஓம் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 60 ஓம் வரும். 120 வந்தால் ஒரு முனை எங்கேயோ அறுந்திருக்கிறது. அப்போது தேட வேண்டிய இடம் ஒயரிங்.