ஆண்குறி முறிவு: காயம் பட்டதிலிருந்து தையல் ஆறும் வரை

ஆண்குறியில் எலும்பு இல்லை; ஆயினும் விறைத்த நிலையில் அது வலிந்து வளைந்தால் முறிவு நேரும். விறைப்பின்போது இரத்தம் நிரம்பும் இரு உருளைத் திசுக்களைப் போர்த்தியிருக்கும் வெண்ணிற உறை, தளர்ந்த நிலையில் சுமார் 2 மி.மீ. தடிமன் உடையது; விறைக்கும்போது அது அரை மில்லிமீட்டருக்கும் கீழே மெலிந்துவிடுவதால், உடலுறவில் குறி நழுவித் துணையின் இடுப்பெலும்பில் மோதினாலே கிழிந்துவிடக்கூடும். ஈரானின் கெர்மான்ஷா பகுதியில், விறைப்பைத் தணிக்கக் கையால் வளைத்துச் சொடுக்கும் பழக்கமே இதற்கு முதன்மைக் காரணமாகப் பதிவாகியுள்ளது.

'டப்' என்ற ஒலி, அக்கணமே தளரும் விறைப்பு, வலி, சற்று நேரத்தில் கத்தரிக்காய் நிறத்தில் பெருகும் வீக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால், விடியட்டும் என்று காத்திராமல், சிறுநீரகவியல் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். வெட்கத்தால் தள்ளிப்போடுவதே இக்காயத்தில் மிகப் பெரிய ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைக்கலாம். உருவி விடவோ நிமிர்த்தவோ கூடாது. மயக்க மருந்து தேவைப்படும் என்பதால் உணவும் நீரும் தவிர்க்க வேண்டும். நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீர்த் துவாரத்தில் இரத்தம் கசிந்தாலோ சிறுநீர் வராவிட்டாலோ சிறுநீர்ப் பாதையும் கிழிந்திருக்கலாம் என்பதால், அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

பெரும்பாலும் நேரில் பார்த்தே மருத்துவர் முடிவு செய்துவிடுவார். ஐயம் இருந்தால் மட்டுமே அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ எடுப்பார். அறுவையில் பொதுவாக மொட்டுக்குச் சற்றுக் கீழே தோலை வட்டமாகக் கீறி, கையுறையைக் கழற்றுவதுபோல் அடிப்பகுதி வரை கீழிறக்குவார்கள். உறைந்த இரத்தத்தை அகற்றியதும் கிழிசல் தெரியும். அது பெரும்பாலும் குறுக்குவாட்டில் இருக்கும். தானே கரையும் நூலால் அதை இறுகத் தைப்பார்கள். சிறுநீர்ப் பாதையும் கிழிந்திருந்தால், கதீட்டர் எனும் மெல்லிய சிறுநீர்க் குழாயைச் செலுத்தி அதன் மேல் தைத்து, அக்குழாயைச் சில வாரங்கள் விட்டுவைப்பார்கள். அறுவையின்றி விட்டால், தழும்பு இறுகிக் குறி வளைவதற்கும் விறைப்புக் குறைவதற்கும் வாய்ப்பு மிகுதி.

வீடு திரும்பியபின் தையலிடத்தை உலர்வாக வைத்திருந்து, நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை உடலுறவையும் சுயஇன்பத்தையும் தவிர்க்க வேண்டும். உறக்கத்தில் தானாக வரும் விறைப்பு இயல்பானதே. காய்ச்சல், சீழ், பெருகும் வீக்கம் கண்டால் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். பின்னாளில் வளைவோ கட்டியோ தட்டுப்பட்டால் அறுவை செய்த மருத்துவரிடமே காட்டுவது நல்லது.