பிரசவ டாக்டரைத் தேடும்போது: பெயர்ப்பலகைக்குப் பின்னால் பார்க்க வேண்டியவை

மகப்பேறு மருத்துவரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் "நல்ல டாக்டர் யார்?" என்ற ஒரே கேள்வியோடு கிளம்புகிறார்கள். பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பெயர் கிடைக்கும், அவ்வளவுதான். உண்மையில் கேட்க வேண்டியவை மூன்று. இவருக்கு இந்தத் துறையில் தகுதி இருக்கிறதா? எனக்கு இப்போது தேவைப்படுவதை இவர் செய்கிறாரா? நள்ளிரவில் வலி எடுத்தால் அங்கே யார் இருப்பார்கள்? முதல் கேள்விக்கு மருத்துவப் பதிவேட்டில் பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். மூன்றாவதற்கு எந்த விளம்பரத்திலும் விடை இருக்காது. வாய்விட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

முதலில் உங்கள் தேவையை ஒரு வரியில் எழுதுங்கள்

மகப்பேறும் மகளிர் நோயியலும் ஒரே மேற்படிப்புதான். ஆனால் தொழிலில் எல்லோரும் எல்லாவற்றையும் செய்வதில்லை. சிலர் ஒரு கட்டத்தில் பிரசவம் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஓ.பி.யும் அறுவை சிகிச்சையும் மட்டும் வைத்துக்கொள்வார்கள். சிலர் குழந்தையின்மை சிகிச்சையோடு நிறுத்திக்கொண்டு, கர்ப்பம் உறுதியானதும் வேறொருவரிடம் அனுப்பிவிடுவார்கள். பலகையில் இரண்டு துறையும் எழுதியிருந்தாலும் இதுதான் நடைமுறை.

சிக்கலில்லாத முதல் கர்ப்பம், ஒழுங்கற்ற மாதவிடாய், நீர்க்கட்டி போன்றவற்றுக்குப் பொதுவான மகப்பேறு மருத்துவரே போதும். இரட்டைக் கர்ப்பம், கட்டுக்கடங்காத சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம், முந்தைய குறைப்பிரசவம் இருந்தால் தாய்-சேய் மருத்துவ நிபுணரின் கண்காணிப்பும் எட்டும் தூரத்தில் வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் புற்றுநோய் சந்தேகம் வந்தால் மகளிர் புற்றுநோய் நிபுணர். சிறுநீர்க் கசிவு, கர்ப்பப்பை இறக்கம் என்றால் அதற்கும் தனி உட்பிரிவு உண்டு. முதல் பிரசவம் சிசேரியனாகி, இம்முறை சுகப்பிரசவம் வேண்டும் என்பவர்கள் அதையும் அந்த ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். தேடலில் பாதிப் பெயர்கள் அந்த இடத்திலேயே கழிந்துவிடும்.

நேரமும் முக்கியம். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 40 வாரம் என்பதுதான் கணக்கு. முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் நடந்துவிட்டால் 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்க வேண்டிய ஸ்கேனுக்கு நெருக்கடி இல்லாமல் தேதி வாங்கலாம். 34 வாரத்துக்குப் பிறகு டாக்டரை மாற்ற நினைத்தால் பல இடங்களில் தயங்குவார்கள். தாங்கள் பார்க்காத ஏழெட்டு மாத வரலாற்றுக்குப் பொறுப்பேற்க யாருக்கும் விருப்பம் இருக்காது.

பெயர்களைச் சேர்ப்பது

மூன்று பெயர் போதும். குடும்ப மருத்துவர், கடந்த ஓரிரு ஆண்டில் பிரசவமான தோழிகள், மருத்துவமனையின் சொந்தத் தளம், இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பட்டியல் ஆகியவற்றில் தேடுங்கள். பிரசவ அறையில் வேலை செய்யும் நர்ஸ் யாராவது பழக்கமென்றால் அவர் சொல்லும் பெயருக்குத் தனி மதிப்பு கொடுங்கள். யார் நேரத்துக்கு வருகிறார், யார் அவசரத்தில் நிதானம் இழக்கிறார் என்பதை நேரில் பார்ப்பவர் அவர்.

இணைய மதிப்புரைகளை ஓரளவுக்குத்தான் நம்பலாம். காத்திருக்கும் நேரம், போன் எடுக்கிறார்களா, பில்லில் குழப்பமா என்பதெல்லாம் அதில் தெரியும். அறுவை சிகிச்சைத் திறமை தெரியாது. ஐந்து நட்சத்திரம் ஒரே வாரத்தில் கொத்தாக விழுந்திருந்தால் அவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரே குறை வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளை வாசிப்பதும் பதிவேட்டைப் பார்ப்பதும்

எம்.பி.பி.எஸ். அடிப்படைப் பட்டம் மட்டுமே. அதற்குப் பின்னால் மகப்பேறு துறையைக் குறிப்பிட்டு எம்.டி., எம்.எஸ்., டி.என்.பி. என்று இருந்தால் மேற்படிப்பு முடித்தவர். டி.ஜி.ஓ. என்பது அதே துறையில் பட்டயம். எம்.ஆர்.சி.ஓ.ஜி. என்பது 1929-இல் தொடங்கப்பட்ட லண்டன் ராயல் மகப்பேறு, மகளிர் நோயியல் மருத்துவர் கல்லூரியின் தேர்வு வழியாக வரும் உறுப்பினர் தகுதி. அமெரிக்காவில் எஃப்.ஏ.சி.ஓ.ஜி. (அந்நாட்டு மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் ஃபெலோ) என்ற எழுத்துகளைப் பெற முதலில் அந்நாட்டுச் சிறப்பு வாரியத்தின் சான்று வேண்டும். அங்கே "போர்டு சர்ட்டிஃபைட்", "போர்டு எலிஜிபிள்" இரண்டும் ஒன்றல்ல. பின்னது, பயிற்சி முடிந்திருக்கிறது, சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்று பொருள்படும். இவை தவிர, சில நாள் பயிற்சிக்கும் சங்கச் சந்தாவுக்கும் கிடைக்கும் எழுத்துகளும் பெயருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். வரிசை நீளமாக இருக்கிறது என்பதற்காக மலைக்க வேண்டியதில்லை.

எழுத்துகளை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். அதனால் பதிவேட்டைப் பார்ப்பது கட்டாயம், அதற்குக் கட்டணமும் இல்லை. இந்தியாவில் மாநில மருத்துவ கவுன்சில்களும் தேசிய மருத்துவ ஆணையமும், இலங்கையில் இலங்கை மருத்துவ சபையும், பிரிட்டனில் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலும், ஆஸ்திரேலியாவில் ஆப்ராவும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அந்தந்த மருத்துவ மன்றங்களும், அமெரிக்காவில் மாகாண மருத்துவ வாரியங்களும் பதிவேட்டை வைத்திருக்கின்றன. அதில் நான்கு விஷயம் பாருங்கள்.

1. பதிவு நடப்பில் இருக்கிறதா. பதிவு இருப்பதும் தொழில் செய்ய உரிமம் இருப்பதும் சில நாடுகளில் தனித்தனி. பிரிட்டனில் ஒருவர் பதிவில் இருந்துகொண்டே உரிமம் இல்லாமல் இருக்க முடியும்.
2. சிறப்புத் துறை பதிவாகியிருக்கிறதா. பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் நிபுணர்களுக்குத் தனிப் பதிவேடே உண்டு. இந்தியாவில் மேற்படிப்பு கூடுதல் தகுதியாகப் பதிவாகும்.
3. நிபந்தனை, எச்சரிக்கை, இடைநீக்கம் ஏதாவது குறிக்கப்பட்டிருக்கிறதா. எல்லாப் பதிவேடுகளும் இதை வெளியிடுவதில்லை. வெளியிடும் இடங்களில் கட்டாயம் படியுங்கள்.
4. முதல் பதிவு எந்த ஆண்டு. விளம்பரம் சொல்லும் "25 ஆண்டு அனுபவம்" இங்கே சரியாகிறதா என்று கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தேடும்போது அடிக்கடி தவறுவது பெயரில்தான். இனிஷியல் முன்னால் இருக்கும், அல்லது தந்தை பெயராக விரிந்து பின்னால் இருக்கும். திருமணத்துக்கு முன் பதிந்த பெயர் அப்படியே இருக்கும். எழுத்துக்கூட்டல் ஓரெழுத்து மாறியிருக்கும். "பெயர் இல்லை" என்று வந்ததும் போலி என்று முடிவுகட்டாதீர்கள்; பதிவு எண்ணை வைத்துத் தேடுங்கள். இந்தியாவில் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் தொழில்நெறி விதி. ஒரே எண் இரண்டு மாநிலங்களில் இரண்டு பேருக்கு இருக்கலாம் என்பதால் எந்த மாநிலக் கவுன்சில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அமெரிக்காவில் எல்லா மருத்துவருக்கும் இருக்கும் பத்து இலக்க என்.பி.ஐ. எண்ணைப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். அது பில் போடுவதற்கான அடையாளம். உரிமம் நடப்பில் இருப்பதற்குச் சான்று ஆகாது.

முகவரி, நேரம், தொலைபேசி

பட்டியல் தளங்கள் ஒன்றிலிருந்து ஒன்று நகலெடுப்பவை. டாக்டர் ஒரு மருத்துவமனையை விட்டு விலகிய பிறகும் அவர் பெயர் அங்கேயே கிடக்கும். வரைபடத்தில் குத்தியிருக்கும் புள்ளி பழைய கிளினிக்காக இருக்கும். கொடுக்கப்பட்ட எண் அந்தக் கிளினிக்கின் எண்ணாகவே இல்லாமல், பல மருத்துவமனைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் அழைப்பு மையத்துடையதாக இருப்பதும் உண்டு. அங்கே அழைத்தால் "அந்த டாக்டர் இல்லை, வேறொருவர் இருக்கிறார்" என்பார்கள். எனவே மருத்துவமனையின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணை எடுத்து அழையுங்கள்.

ஒரே அழைப்பில் கேட்க வேண்டியவை:

"டாக்டர் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு ஓ.பி. பார்ப்பாங்க? புதுசா வர்றவங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் எப்போ கிடைக்கும்?"

"இப்போ பிரசவம் பார்க்கிறாங்களா? எந்த மருத்துவமனையில?"

"ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அங்கேயே உண்டா, வெளியே போகணுமா?"

"ராத்திரி ரத்தப்போக்குன்னா எந்த நம்பருக்குப் போன் பண்ணணும்? யார் எடுப்பாங்க?"

கடைசிக் கேள்விக்குக் "காலையில் வாருங்கள்" என்று பதில் வந்தால் அந்தப் பெயரை அடித்துவிடலாம்.

இன்சூரன்ஸை மட்டும் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். கிளினிக் "எடுத்துக்கொள்வோம்" என்று சொல்வதும் உங்கள் குறிப்பிட்ட பாலிசி அதை அனுமதிப்பதும் ஒன்றல்ல. பாலிசியின் பட்டியலில் மருத்துவர் இருக்க, மருத்துவமனை இல்லாமல் போவதும், மருத்துவமனை இருந்தும் மயக்க மருந்து டாக்டர் தனி பில் போடுவதும் நடக்கிறது. மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்து இத்தனை மாதம் கழித்துத்தான் செலவு கிடைக்கும் என்ற நிபந்தனை) இருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள். பேசியவர் பெயர், தேதி இரண்டையும் எழுதி வையுங்கள்.

இரவுக் கேள்விகள்

தேடலில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. நீங்கள் தேர்ந்தெடுத்தவர்தான் குழந்தையை எடுப்பார் என்று உறுதியில்லை. குழுவாக இயங்கும் இடத்தில் அன்றைய முறை யாருடையதோ அவர் வருவார். தனியாக இயங்குபவர் என்றால் ஊருக்குப் போகும்போது யார் பொறுப்பு என்று கேட்க வேண்டும். இரண்டு முறையிலும் குறையில்லை. பிரசவ அறையில் வைத்து முதல் தடவையாக அது தெரியவருவதுதான் கஷ்டம்.

மருத்துவமனையைப் பற்றி மூன்று கேள்வி. மயக்க மருந்து டாக்டர் 24 மணி நேரமும் உள்ளேயே இருக்கிறாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? தாய்க்கோ சேய்க்கோ உயிராபத்து என்ற நிலையில் சிசேரியன் முடிவெடுத்து 30 நிமிடத்துக்குள் குழந்தையை வெளியே எடுக்க வேண்டும் என்பது பல நாடுகளில் அளவுகோல். வெளியிலிருந்து ஆள் வர வேண்டிய இடத்தில் அது சிரமம். ரத்தம் எங்கிருந்து வரும்? பிரசவத்துக்குப் பின் 500 மி.லி.க்கு மேல் போனாலே அதை மிகை ரத்தப்போக்கு என்கிறார்கள், அது நிமிடங்களில் நடக்கும். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு எத்தனை வாரக் குழந்தை வரை தாங்கும்? பலகையில் என்.ஐ.சி.யூ. என்று எழுதியிருந்தாலும் 34 வாரத்துக் குழந்தையைப் பார்ப்பதற்கும் 28 வாரத்துக் குழந்தையைப் பார்ப்பதற்கும் கருவியிலும் ஆளிலும் பெரிய வித்தியாசம்.

"உங்கள் சிசேரியன் விகிதம் என்ன?" என்று மொட்டையாகக் கேட்பதில் பயனில்லை. சிக்கலான கேஸ்கள் அனுப்பப்படும் டாக்டருக்கு அது இயல்பாகவே கூடுதலாக இருக்கும். முதல் பிரசவம், நிறைமாதம், ஒற்றைக் குழந்தை, தலை கீழே இருக்கும் நிலை: இந்த வகைப் பெண்களில் எத்தனை பேருக்குச் சிசேரியன் ஆகிறது என்று கேளுங்கள். உலக அளவில் பயன்படும் ராப்சன் வகைப்பாடு பெண்களைப் பத்துப் பிரிவாகப் பிரிப்பதும் இப்படி ஒப்பிடுவதற்காகத்தான். கணக்கு வைத்திருப்பவர் எண்ணைச் சொல்வார், அல்லது தேடித் தருவார். கேள்விக்கே கோபப்படுபவரிடம் ஒன்பது மாதம் போய்வருவது சிரமம்.

முந்தைய சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவம் முயல்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு அது கைகூடுகிறது; கர்ப்பப்பையில் தையல் போட்ட இடம் பிரியும் அபாயம் ஏறத்தாழ 200-இல் ஒருவருக்கு. அந்த ஒருவருக்காகத்தான் மேலே சொன்ன மூன்று வசதியும் உள்ளேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று 36 வாரம் வரை இழுப்பது மறுப்புக்குச் சமம். முதல் சந்திப்பிலேயே தெளிவான பதிலை வாங்கிவிடுங்கள்.

முதல் சந்திப்பு

மாதவிடாய்த் தேதி, மருந்துப் பட்டியல், பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பு, ரத்த வகை அறிக்கை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். ரத்த வகை ஆர்.எச். நெகட்டிவ் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். தாயின் உடல் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகச் செயல்படாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 28 வாரத்தை ஒட்டித் திட்டமிட வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும்போது கவனியுங்கள்: கேள்வி கேட்க இடம் கிடைக்கிறதா, பரிசோதனைக்கு முன் அனுமதி கேட்கிறார்களா, எழுதும் ஒவ்வொரு டெஸ்டும் எதற்கு என்று சொல்கிறார்களா. மகளிர் நோய்க்காகப் போனவருக்கு முதல் சந்திப்பிலேயே, மாற்று வழி எதுவும் பேசாமல், கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், அது அவசர நிலை இல்லையென்றால், அறிக்கைகளை வாங்கிக்கொண்டு இரண்டாவது கருத்துக்குப் போங்கள்.

அறிக்கைகளின் நகல் எப்போதும் உங்கள் கையிலும் இருக்கட்டும். 34 வாரம் ஆனதும் கிளினிக்குக்கு இன்னொரு முறை அழையுங்கள்: 37 முதல் 41 வாரம் வரை டாக்டர் ஊரில் இருப்பாரா, இல்லையென்றால் யார் பார்ப்பார், இரவு எண் அதேதானா. அந்த மாற்று மருத்துவரை முன்கூட்டியே ஒரு முறை சந்திக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.