ஏரிக்கரையில் முதல் இயற்கை நடை: எப்படித் தொடங்குவது?

இயற்கை நடை என்றதும் பலர் முதுமலைக்கோ வால்பாறைக்கோ ரூம் போடக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் உங்கள் ஊர் ஏரியை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு அப்புறம் தண்ணீர் நிற்கிற எந்த ஏரியும் சரிதான். வலசை வரும் பறவைகளும் மார்ச் வரை இங்கே இருக்கும். ஏரியில் எங்கே ஆழம், எங்கே மேடு என்று தெரிந்துகொண்டால் போதும், எந்தப் பறவையை எங்கே தேடுவது என்பது தானாகப் பிடிபடும்.

முதலில், கையில் என்ன வேண்டும்?

தொப்பி, தண்ணீர், மூடிய ஷூ, சின்ன நோட்டு, பேனா. பளிச்சென்ற வெள்ளையும் சிவப்பும் தவிர்த்துப் பச்சை, காக்கி மாதிரி மங்கலான நிறத்தில் உடுத்துங்கள். பைனாகுலர் முதல் நாளே தேவையில்லை. வாங்குவதாக இருந்தால் 8×42 என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 20 மடங்கு என்று சொல்லி விற்பதை வாங்காதீர்கள். கை லேசாக அசைந்தாலும் படம் முழுக்க ஆடும்.

இரண்டாவது, வெயில் ஏறுவதற்குள் கரையில் நில்லுங்கள்

விடிந்த அரைமணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். எட்டரை மணிக்கு மேல் பறவைகளும் அடங்கிவிடும், நமக்கும் கண் கூசும். நம் சமவெளி மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால், பல ஏரிகளுக்குத் தண்ணீரைத் தேக்க மண் போட்டு உயர்த்திய கரை கிழக்குப் பக்கம்தான் இருக்கும். காலையில் அந்தக் கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்தால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், பறவையின் நிறம் துல்லியமாகத் தெரியும். உங்கள் ஏரியில் கரை வேறு திசையில் இருந்தால், வெயில் முதுகில் படுகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

மூன்றாவது, ஆழத்தைப் பாருங்கள்

கரையை ஒட்டித்தான் ஏரி ஆழம். அங்கே இருப்பவை நீந்துகிறவையும் முங்குகிறவையும். உடல் முழுக்கக் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம் என்றால் நாமக்கோழி. இறக்கையை விரித்துக் காயவைத்தபடி பட்டமரத்தில் உட்கார்ந்திருப்பது நீர்க்காகம். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது முக்குளிப்பான். புறாவைவிடச் சின்னது, வால் இருப்பதே தெரியாத உருண்டை உடம்பு, அலகு தொடங்கும் இடத்தில் ஒரு மஞ்சள் பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் முங்கிவிடும். முங்கிய இடத்தையே பார்க்காமல் சுற்றிலும் கண்ணை ஓட்டுங்கள்; கொஞ்சம் தள்ளி வேறெங்கோ எழும்பும்.

அப்புறம் கரையிலிருந்து எதிர்ப்பக்கம், தண்ணீர் வந்து சேருகிற பக்கம் போங்கள். அங்கே கணுக்கால் அளவுதான் தண்ணீர் நிற்கும், ஆகவே நெடுங்காலிகளின் இடம் அது. இளஞ்சிவப்புக் குச்சி போன்ற நீண்ட காலுடன் நடப்பது நெடுங்கால் உள்ளான். இலைகள் படர்ந்த இடத்தில் நீண்ட விரல்களால் இலைமேலேயே நடந்துபோவது இலைக்கோழி.

நான்காவது, மதகடியில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள்

புதிதாக வருகிறவர்கள் அவசரமாகக் கடந்துபோவது இந்த இடத்தைத்தான். மதகிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் இறங்கும் இடத்தில் மீன்குஞ்சுகள் சேரும். அதைத் தேடி மீன்கொத்தி வரும், மடையானும் வரும். மடையான் சேற்று நிறத்தில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு அசையாமல் நிற்பதால் பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணில் படாது. பறந்தால் இரண்டு இறக்கையும் தும்பைப்பூ வெள்ளை. பழுப்பாக நின்றதும் வெள்ளையாகப் பறப்பதும் ஒரே பறவைதானா என்று முதல்முறை எல்லோருக்கும் சந்தேகம் வரும்.

கரைமேல் பனை இருந்தால் அண்ணாந்து பாருங்கள். மட்டையில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கலாம்.

ஐந்தாவது, செய்யக்கூடாதவை

தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். மண் எடுத்த பள்ளங்கள் மேலே பார்த்தால் தெரியாது. புதர் மண்டிய இடத்தில் பாம்பு இருக்கும், பார்த்துக் கால் வையுங்கள். முதல் சில தடவை துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது.

கோடையில் ஆள்காட்டி உங்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றினால், பக்கத்தில் அதன் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். கூடு கட்டாமல் வெறும் தரையில் கூழாங்கல் நிறத்தில் முட்டையிடும் பறவை அது. தேடிப் பார்க்க ஆசைப்படாதீர்கள், மிதித்துவிடுவீர்கள். வந்த வழியே திரும்பிவிடுங்கள். போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும்.

ஆறாவது, எழுதி வையுங்கள்

தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை இவ்வளவு போதும். பெயர் தெரியாவிட்டால் அளவு, அலகின் வடிவம், கால் நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மெர்லின் என்ற இலவசச் செயலி கேள்விகள் கேட்டுப் பெயரைக் கண்டுபிடிக்க உதவும். பெரிய கூட்டமாக இருந்தால் பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அந்த அளவை வைத்து மீதியைக் கணக்கிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டியலை, பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றலாம். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, புதியவர்களும் சேரலாம். 15 நிமிடமாவது பார்த்து, கண்ணில் பட்ட எல்லாப் பறவைகளையும் எண்ணி ஏற்ற வேண்டும். காகம், மைனா, தவிட்டுக்குருவி எதையும் விட்டுவிடாதீர்கள்.