மலப் பரிசோதனை: டப்பாவில் தொடங்கி நுண்ணோக்கி வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு நிற்காமல் கிளினிக்குக்குப் போகிறவரிடம், மூடியில் சிறு கரண்டி பொருத்திய பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து அனுப்புவார்கள். எப்படி எடுப்பது என்று கேட்கப் பலருக்குக் கூச்சம். ஊறுகாய் போத்தலில் கொண்டுவந்தவர்களையும் நான் பார்த்ததுண்டு.

முதலில் டப்பாவின் மேல் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். மலம் எடுத்தவுடன் நேரத்தைக் குறியுங்கள். சிறுநீரை முன்பே கழித்துவிட வேண்டும், ஏனெனில் அது கலந்தால், சோதனையில் தேடப்படும் வயிற்றுப்போக்குக் கிருமிகளான உயிருள்ள அமீபாக்கள் அழிந்துவிடும். கழிப்பறைத் தண்ணீரிலிருந்து அள்ளாமல், கழுவிக் காயவைத்த அகலமான டப்பாவில் மலத்தைப் பிடியுங்கள். சளியோ இரத்தமோ தெரிந்தால் அந்த இடத்திலிருந்தும், இல்லையெனில் இரண்டு மூன்று இடங்களிலிருந்தும், பெரிய நெல்லிக்காய் அளவுக்கு எடுத்தால் போதும்.

அடுத்தது நேரம், பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். தண்ணீராகப் போன மலத்தை அரை மணி நேரத்துக்குள்ளும், இளகியதை ஒரு மணி நேரத்துக்குள்ளும் பார்த்தால்தான் அமீபா அசைவது தெரியும். கொக்கிப்புழுவின் முட்டையோ, வெப்பத்தில் ஓரிரு நாள் கிடந்தால் பொரித்துப் புழுக்குஞ்சாகி, வேறொரு புழுவின் குஞ்சோ என்று மயங்க வைக்கும். ஆகவே வெயிலில் நிற்கும் காரில் டப்பாவை விட்டுவிட்டு பாசாருக்கு (சந்தைக்கு) போகாதீர்கள்.

ஆய்வகத்தில் முதலில் நிறத்தையும் கெட்டியையும் பார்ப்பார்கள். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், சிவப்பு டிராகன் பழம் சிவப்பாக்கும், சாப்பிட்டிருந்தால் சொல்லிவிடுங்கள். பிறகு கண்ணாடித் தகட்டில் 0.85 விழுக்காட்டு உப்புநீர் ஒரு சொட்டும் அயோடின் ஒரு சொட்டும் விட்டு, குச்சிமுனையளவு மலத்தை ஒவ்வொன்றிலும் கரைப்பார்கள். தகட்டின் அடியில் வைத்த நாளிதழின் எழுத்து தெரியும் அளவுக்கு அது மெல்லியதாக இருக்க வேண்டும். 10 மடங்கு வில்லையில் தேடி, 40 மடங்கில் உறுதிசெய்வார்கள். சாட்டைப்புழுவின் முட்டை, இரு முனையிலும் தக்கை அடைத்த மத்தளம். உருண்டைப்புழுவினுடையது மேடுபள்ளமான பழுப்பு ஓட்டுடன் இருக்கும். கொக்கிப்புழுவின் முட்டைக்கு ஓடு கண்ணாடி போல் மெல்லியது. மண்ணிலிருந்து பாதத்தோல் வழியே ஏறும் புழு என்பதால், ரப்பர் மரத்தடியில் வெறுங்காலோடு நடந்தவரை நினைவூட்டுவது அதுதான்.

முட்டைகளும் ஒட்டுண்ணிகளும் நாள்தோறும் ஒரே அளவில் வெளிவருவதில்லை. ஆகவே முதல் முறை ஒன்றும் தென்படாவிட்டால், ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று மாதிரிகள் கேட்பார்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் பழைய குவாயக் முறைக்குச் சில நாள்களுக்கு முன்பே ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, வைட்டமின் சி மாத்திரை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். புதிய எதிர்ப்பொருள் முறைக்கு அந்தப் பத்தியம் தேவையில்லை. குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டின் என்ற புரதத்தை அளப்பது வேறொரு சோதனை. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் கிருமியைத் தேடும்போது மட்டும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்த வேண்டியிருக்கும். அதை மருத்துவரைக் கேட்காமல் நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.