மனநல மரபியலும் செயற்கை நுண்ணறிவும்: ஐந்து நாள் பயிற்சியை நடத்துவது எப்படி?

பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஆறு மனநல மருத்துவர்கள், கணினியோ புள்ளியியலோ தெரிந்த ஆறு பேர். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று ஜோடி சேர்த்து ஒரே மடிக்கணினி முன் உட்கார வையுங்கள். கீபோர்டு மருத்துவர் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் மற்றவர் தட்டிக்கொண்டே போவார், மருத்துவர் தலையாட்டிக்கொண்டே இருப்பார்.

இந்தத் துறையின் மென்பொருள்கள் தப்பான விடையையும் சத்தமில்லாமல் தந்துவிடும். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எதுவும் வராது. அதனால் தவறுகளை நாமே தரவுக்குள் விதைத்துவிட்டு அவர்களைத் தேடவிடுவதுதான் இந்தப் பயிற்சியின் பெரும்பகுதி.

முன்னேற்பாடு

நோயாளிகளின் மரபணுத் தரவை வகுப்பறைக்குக் கொண்டுவராதீர்கள். பெயரை நீக்கினாலும் அது ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடும். 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத் தரவு எல்லோருக்கும் கிடைக்கிறது. 26 மக்கள்தொகைகளைச் சேர்ந்த 2,504 பேர். அதில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர். ஹேப்மேப்3 தொகுப்பில் உள்ள ஏறத்தாழ 12 லட்சம் ஸ்னிப்புகளை (ஆளுக்கு ஆள் ஓர் எழுத்து மாறுபடும் டிஎன்ஏ இடங்கள்) மட்டும் பிரித்தெடுத்தால் பிளிங்க் (மரபணுத் தரவைக் கையாளும் மென்பொருள்) கோப்பு 750 எம்பி அளவில் அடங்கிவிடும், 16 ஜிபி ரேம் தாராளம். எக்ஸ் குரோமோசோமை விட்டுவிடாதீர்கள், இரண்டாம் நாள் பாலினச் சோதனைக்கு வேண்டும்.

மனச்சிதைவுக்கான (ஸ்கிசோஃப்ரினியா) அடிப்படைக் கோப்பை, அதாவது ஒவ்வொரு ஸ்னிப்பும் நோயோடு எவ்வளவு தொடர்புடையது என்ற பட்டியலை, சைக்கியாட்ரிக் ஜீனோமிக்ஸ் கன்சார்ட்டியம் என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு இலவசமாகத் தருகிறது. அவர்களுடைய 2014 ஆய்வு நோயோடு தொடர்புடைய 108 மரபணு இடங்களைக் காட்டியது. 76,755 நோயாளிகளையும் 2,43,649 ஒப்பீட்டாளர்களையும் கொண்ட 2022 ஆய்வில் அது 287 ஆனது. எல்லாக் கோப்புகளையும் பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள், வைஃபையை நம்ப வேண்டாம். ஃபோல்டர் பெயரில் இடைவெளி கூடாது. எக்செல்லில் எதையும் திறக்கக் கூடாது: 'மார்ச்1' என்ற மரபணுவை அது தேதியாக்கிவிடும். இந்தத் தொல்லை பொறுக்காமல்தான் 2020-இல் அப்படிப்பட்ட மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள்.

முதல் நாளில் இரண்டு மணி நேரம் பாடம் போதும். மருத்துவர் மற்றவருக்கு நோயறிதல் எப்படி நடக்கிறது என்று சொல்லட்டும். பி மதிப்பின் (தொடர்பே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) வரம்பு ஏன் 0.00000005 என்று மற்றவர் விளக்கட்டும் (0.05-ஐ சுமார் பத்து லட்சம் தனித்தனிச் சோதனைகளால் வகுத்தால் வருவது).

இரண்டாம் நாள்: தரவைச் சலித்தல்

தமிழர் 102 பேரின் தரவை மட்டும் எடுத்து, முந்தின இரவே அதைக் கெடுத்து வையுங்கள். மூன்று பேரின் பாலினத்தை மாற்றுங்கள். ஒருவரையே வேறு எண்ணில் இன்னொரு முறை சேருங்கள். நான்கு பேரின் ஸ்னிப்புகளில் பத்தில் ஒரு பங்கை அழியுங்கள். ஜோடிகள் பிளிங்கில் வரிசையாகப் பார்க்க வேண்டியவை: விடுபட்டவை 2 சதவீதத்துக்கு மேல் உள்ள ஸ்னிப்புகளும் ஆட்களும், பாலினச் சோதனை (எக்ஸ் குரோமோசோமிலிருந்து கணக்கிடும் எஃப் மதிப்பு 0.2-க்குக் கீழ் பெண், 0.8-க்கு மேல் ஆண்), ஹார்டி–வைன்பெர்க் (மரபணு வகைகள் எதிர்பார்த்த விகிதத்தில் இருக்கின்றனவா என்ற சோதனை), உறவுமுறை. இருவருக்கும் பொதுவான மரபணுப் பங்கைக் காட்டும் பை-ஹேட் 1-ஐ ஒட்டி வந்தால் அது ஒரே ஆள் (அல்லது ஒத்த இரட்டையர்), 0.5 வந்தால் பெற்றோர்–பிள்ளை அல்லது உடன்பிறந்தவர்.

சிறுபான்மை அல்லீல் (ஒரு ஸ்னிப்பின் இரு வடிவங்களில் அரிதானது) வரம்பை 0.01 என்று பழக்கதோஷத்தில் போடுவார்கள். 102 பேரிடம் 204 பிரதிகள்தான். அதில் ஒரு சதவீதம் என்றால் இரண்டே இரண்டு. 0.05 வையுங்கள்.

மதியம் இதே கட்டளைகளை 2,504 பேர் மீதும் ஓட்டச் சொல்லுங்கள். நல்ல ஸ்னிப்புகள் ஹார்டி–வைன்பெர்க்கில் கொத்துக் கொத்தாக விழும், முன்பின் தெரியாதவர்களெல்லாம் சொந்தக்காரர்களாகத் தெரிவார்கள். வெவ்வேறு மக்கள்தொகைகளைக் கலந்து சலித்ததன் விளைவு இது. காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள், அரை மணி நேரம் திணறட்டும்.

மூன்றாம் நாள்: அபாய ஸ்கோர்

ஒருவரிடமுள்ள அல்லீல்களை அவற்றின் எடையால் பெருக்கிக் கூட்டுவதே அபாய ஸ்கோர். முதலில் எளிய முறையே போதும்: கிளம்பிங் (சேர்ந்தே பரம்பரையாக வரும் ஸ்னிப்புகளில் வலுவான ஒன்றை மட்டும் வைப்பது), தூரம் 250 கிலோபேஸ், ஆர்-ஸ்கொயர் (ஸ்னிப்புகளுக்கு இடையிலான தொடர்பின் அளவு) 0.1. அடிப்படை ஆய்வில் ஐரோப்பியரே பெரும்பான்மை என்பதால், கிளம்பிங்குக்கு 1000 ஜீனோம்ஸின் 503 ஐரோப்பியரைப் பயன்படுத்துங்கள். ஆறாம் குரோமோசோமில் 25 முதல் 34 மெகாபேஸ் வரை ஸ்னிப்புகள் நீளத்துக்குப் பின்னிக் கிடக்கும். அந்தப் பகுதியில் ஒரே ஒரு ஸ்னிப்பை மட்டும் வையுங்கள்.

பெரும்பாலானோர் சறுக்குவது ஆட்ஸ் ரேஷியோவில் (அல்லீல் இருந்தால் நோய்க்கான வாய்ப்பு எத்தனை மடங்கு என்ற எண்; 1-க்குக் கீழ் என்றால் அது காக்கும் அல்லீல்). 1.05 உள்ள அல்லீலுக்கு லாக் (இயல் மடக்கை) எடுத்தால் +0.049, 0.95 உள்ளதற்கு −0.051. லாக் எடுக்காமல் கொடுத்தால், காக்கும் அல்லீலும் +0.95 என்று கூட்டப்படும். ஸ்கோர் வெறும் அல்லீல் எண்ணிக்கையாகிவிடும், ஆனால் வரைபடம் மணி வடிவத்தில் அழகாகவே வரும். ஜோடிகளில் பாதிக்கு லாக் எடுத்த கோப்பையும் மீதிக்கு எடுக்காததையும் சொல்லாமல் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்து ஜீனோம் பதிப்பு, அதாவது ஸ்னிப்புகளுக்கு இடஎண் தரும் மேற்கோள் வரைபடத்தின் பதிப்பு. மேலே சொன்ன தரவு ஜிஆர்சிஎச்37. ஜிஆர்சிஎச்38 கோப்பை இடஎண்ணை வைத்துப் பொருத்தினால் பொருந்துபவை மளமளவென்று சரியும். மென்பொருள் எழுதும் பதிவுக் கோப்பில் எத்தனை ஸ்னிப்புகள் பொருந்தின என்ற வரியைப் பார்க்காமல் யாரும் அடுத்த படிக்குப் போகக் கூடாது. டிஎன்ஏவின் எந்த இழையில் படித்தது என்று தெரியாத ஏ/டி, சி/ஜி ஸ்னிப்புகளை நீக்கிவிடுங்கள்.

கடைசியாக, 26 மக்கள்தொகைகளின் ஸ்கோரையும் ஒரே படத்தில் வரையச் சொல்லுங்கள். சராசரிகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். நோய் அங்கே கூடுதல், இங்கே குறைவு என்று யாராவது சொன்னால் உடனே நிறுத்துங்கள். அந்த இடைவெளி பெரும்பாலும் வம்சாவளியைக் காட்டுகிறது, நோயை அல்ல.

நான்காம் நாள்: மாடல்

நியூரல் நெட்வொர்க்கில் தொடங்காதீர்கள். முதலில் ஒரு போலித் தரவு செய்யுங்கள்: 50 பேர், 5,000 நெடுவரிசைகள், எல்லாம் தற்செயல் எண்கள். நோய் உண்டு–இல்லை என்பதையும் நாணயம் சுண்டி நிரப்புங்கள். நோயோடு அதிகம் ஒத்துப்போகும் 100 நெடுவரிசைகளை முதலில் தேர்ந்துவிட்டு, பிறகு கிராஸ் வேலிடேஷன் (தரவைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிச் சோதனைக்கு ஒதுக்குவது) செய்தால் பிழை 3 சதவீதம் வரைகூட இறங்கும். உண்மையில் அது 50 சதவீதம். தேர்வும் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக நடக்கும்படி அதை சைக்கிட்-லேர்ன் (பைதான் நூலகம்) பைப்லைனுக்குள் கொண்டுபோனதும் மாயை கலையும். மற்ற எந்தப் பயிற்சியைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

அண்ணன் பயிற்சித் தொகுதியில், தம்பி சோதனைத் தொகுதியில் இருந்தாலும் இதே கோளாறுதான். குடும்ப எண்ணைக் கொடுத்து, ஒரு குடும்பத்தைப் பிரிக்காமல் ஒரே தொகுதியில் வைக்கும் குரூப்-கே-ஃபோல்டு பயன்படுத்துங்கள். நோயாளிகளை ஒரு மரபணுச் சிப்பிலும் மற்றவர்களை வேறு சிப்பிலும் சோதித்திருந்தால் மாடல் கற்றுக்கொள்வது சிப்பின் அடையாளத்தை. அடிப்படை ஆய்வில் இருந்தவர்களே சோதனையிலும் இருந்தால் ஸ்கோர் வீங்கும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் வேறு இடத்துத் தரவில் சோதிக்காமல் நம்பக் கூடாது. 2024-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, மனச்சிதைவு மருந்துச் சோதனைகளின் தரவை வைத்து மாடல்களைப் பரிசோதித்தது. ஒரு சோதனைக்குள் நன்றாகக் கணித்தவை, பார்த்திராத இன்னொரு சோதனையில் நாணயம் சுண்டுவதற்கு மேல் போகவில்லை.

ஐந்தாம் நாள்: வாயால் சொல்வது

இன்று கணினிக்காரர் மருத்துவராக நடிக்கட்டும், மருத்துவர் தாயாக. "பெரியவனுக்கு வந்திருக்கே டாக்டர், சின்னவளுக்கும் வந்துருமா? டெஸ்ட் எடுத்தா தெரியுமா?" பதிலில் 'ஏயூசி' (மாடல் எவ்வளவு நன்றாகப் பிரித்தறிகிறது என்ற அளவு) என்ற சொல்லே வரக் கூடாது. "பொதுவா நூத்துல ஒருத்தருக்கு வர்றதும்மா. கூடப் பொறந்தவங்களுக்கு நூத்துல ஒன்பது பேர் அளவுக்கு. மீதி தொண்ணூத்தோரு பேருக்கு வராது. இந்த டெஸ்ட் உங்க பொண்ணு எந்தப் பக்கம்னு சொல்லாது." இப்படிச் சொல்ல வந்தால் தேர்ச்சி.

கணக்கையும் பலகையில் போடுங்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய். ஸ்கோரின் உச்சியில் உள்ள நூறு பேருக்கு அபாயம் மூன்று மடங்கு என்றே வைத்தாலும் அவர்களில் மூன்று பேருக்குத்தான் வரும். எதற்கும் மரபணுச் சோதனை உதவாது என்றும் போய்விடக் கூடாது. 22-ஆம் குரோமோசோமின் 22கியூ11.2 பகுதியில் ஒரு பிரதி இல்லாதவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. எச்எல்ஏ-பி*15:02 என்ற அல்லீல் உள்ளவருக்கு கார்பமஸெபைன் (வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் தரும் மருந்து) கொடுத்தால் உயிருக்கே ஆபத்தான தோல் எதிர்வினை வரலாம்.

பிற்பகல் தேர்வு: ஐந்து பிழைகளை ஒளித்துவைத்த மூன்று பக்க அறிக்கை ஒன்றைத் தனித்தனியாகக் கொடுங்கள். நேரம் 45 நிமிடம். லாக் எடுக்காத ஸ்கோரையும், கிராஸ் வேலிடேஷனுக்கு வெளியே நடந்த தேர்வையும் தவறவிட்டவர், மற்ற மூன்றைப் பிடித்திருந்தாலும் மூன்றாம், நான்காம் நாள் பயிற்சிகளைத் திரும்பச் செய்யட்டும்.