சர்வர் ஓடும்போதே ஸ்டோரேஜ் போர்ட்டை மாற்றுவது எப்படி?

அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டர், சனிக்கிழமை ராத்திரி. எட்டு சர்வர்களை ஸ்டோரேஜின் பழைய போர்ட்டிலிருந்து புதிய போர்ட்டுக்கு மாற்ற வேண்டும். ஏழு சுமுகமாக முடிந்தன. எட்டாவது ஒரு டேட்டாபேஸ் சர்வர். ஒவ்வொரு சர்வரும் ஸ்டோரேஜுக்கு ஏ, பி என்று இரண்டு பக்கமாகப் போகும். பி பக்கத்துப் பழைய ஜோனை (எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜ் போர்ட்டைப் பார்க்கலாம் என்று ஸ்விட்சில் போடும் அனுமதியை) நான் எடுத்ததும் அதன் டிஸ்க் எல்லாம் மறைந்து, ஃபைல்சிஸ்டம் எழுத முடியாத ரீட்-ஒன்லி ஆகிவிட்டது. ஏ பக்கத்துக் கேபிள் எப்போதோ செத்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. ஒற்றைக் காலில் நின்ற சர்வரின் அந்தக் காலையும் நானே தட்டிவிட்டேன். விடிந்த பிறகுதான் டீ குடிக்க வெளியே வந்தோம்.

அதனால் இந்த வேலை கேபிளில் தொடங்காது, எண்ணுவதில் தொடங்கும்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். சர்வரில் இரண்டு ஹெச்பிஏ (ஸ்டோரேஜோடு இணைக்கும் கார்டு) போர்ட் இருக்கும். ஒன்று ஏ ஃபேப்ரிக் (தனி ஸ்விட்ச் நெட்வொர்க்) ஸ்விட்சுக்கும் இன்னொன்று பி ஃபேப்ரிக் ஸ்விட்சுக்கும் போகும். ஒவ்வொரு பக்கமும் ஸ்டோரேஜின் இரண்டு போர்ட்டைப் பார்த்தால், ஒரு லன்னுக்கு (ஸ்டோரேஜ் சர்வருக்குக் காட்டும் டிஸ்க்குக்கு) மொத்தம் 4 பாதைகள். நான்கும் ஒரே டிஸ்க்தான் என்று கண்டுபிடித்து ஒன்றாகக் கட்டுவது மல்டிபாத் மென்பொருள். போர்ட் எதுவானாலும் லன்னின் அடையாள எண் (லன் நம்பர் அல்ல) மாறாது; அதை வைத்துத்தான் அது கண்டுபிடிக்கிறது. ஓடும் சர்வரில் போர்ட் மாற்ற முடிவதே இதனால்தான்.

படி 1: எண்ணுங்கள்

லினக்ஸில் மல்டிபாத் கட்டளையை ‘எல்எல்’ ஆப்ஷனோடு ஓட்டுங்கள். விண்டோஸில் எம்பிகிளெய்ம், விஎம்வேரில் ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐ. ஒவ்வொரு லன்னுக்கும் 4 பாதை உயிரோடு இருக்கிறதா, ஏ பக்கம் இரண்டு, பி பக்கம் இரண்டு என்று பிரிந்திருக்கிறதா? குறைந்தால் அந்த சர்வரை அன்றைய பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். “அப்புறம் பார்த்துக்கலாம் சார்” என்று யார் சொன்னாலும் சரி.

படி 2: குறித்துக்கொள்ளுங்கள்

ஹெச்பிஏவின் 16 இலக்க போர்ட் முகவரி, பழைய, புதிய ஸ்டோரேஜ் போர்ட்டுகளின் முகவரி, லன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு எக்ஸெல் ஷீட்டில் போடுங்கள். முகவரியைக் கையால் அடிக்க வேண்டாம், காப்பி பேஸ்ட் மட்டும். இரண்டு ஸ்விட்சின் கான்ஃபிகரேஷனையும் பேக்கப் எடுங்கள்.

சர்வர் ஸானிலிருந்தே (இந்த ஸ்டோரேஜ் நெட்வொர்க்கிலிருந்தே) பூட் ஆகிறதா என்றும் கேளுங்கள். ஹெச்பிஏவின் பூட் அமைப்பில் ஸ்டோரேஜ் போர்ட்டின் முகவரி பதிவாகியிருக்கும். அதைப் புதுப்பிக்க மறந்தால் இன்று ஒன்றும் ஆகாது. மூன்று மாதம் கழித்து பேட்ச் போட்டு ரீபூட் செய்யும் நாளில் சர்வர் எழுந்திருக்காது. காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

படி 3: புதிய போர்ட்டை ஸ்விட்சில் இணையுங்கள்

32 ஜிகாபிட் எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் சிறு மாட்யூல்), 16, 8 வேகங்களுக்கு இறங்கும், 4-க்கு இறங்காது. பழைய ஸ்விட்ச் என்றால் இதை முன்பே பாருங்கள். லிங்க் வந்ததும் சிஆர்சி எரர் (தரவு சிதைந்து வந்த எண்ணிக்கை) ஏறுகிறதா என்று கொஞ்ச நேரம் கவனியுங்கள்.

படி 4: ஏ பக்கம் மட்டும் புதிய ஜோன்

பழைய ஜோனைத் திருத்தாதீர்கள். ஒரு ஹெச்பிஏ, இரண்டு புதிய ஸ்டோரேஜ் போர்ட் என்று தனி ஜோன் போடுங்கள். ப்ரோகேட் ஸ்விட்சில் சேவ் செய்தால் மட்டும் போதாது, எனேபிள் செய்தால்தான் நடப்புக்கு வரும். சிஸ்கோவில் ஜோன்செட்டை ஆக்டிவேட் செய்ய வேண்டும். அப்புறம் ஸ்டோரேஜில் அதே லன்களைப் புதிய போர்ட் வழியாகவும் காட்டுங்கள். பழைய லன் நம்பரையே கொடுப்பது நல்லது.

படி 5: ரீஸ்கேன், மறுபடி எண்ணிக்கை

2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறந்த புதிதில், ஊருக்குக் கிளம்பியவர்கள் “கோயம்பேடா, கிளாம்பாக்கமா?” என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினார்கள். சர்வர் அப்படிக் கேட்காது, நாம்தான் சொல்ல வேண்டும். ரீஸ்கேன் (பாதைகளை மறுபடி தேடச் சொல்வது) செய்தால் 4 பாதை 6 ஆக வேண்டும். டிஸ்க் எண்ணிக்கை ஏறக்கூடாது. ஏறினால் மல்டிபாத் சேர்க்கவில்லை என்று பொருள், அங்கேயே நிறுத்துங்கள். 6 ஆகிவிட்டால், புதிய பாதைகளில் ஐஓ (படிப்பதும் எழுதுவதும்) ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்டோரேஜின் எந்தக் கன்ட்ரோலரில் அவை இருக்கின்றன என்பதைப் பொறுத்து சில பாதைகள் ஸ்டான்ட்பையாக நிற்கலாம், அது பரவாயில்லை.

படி 6: ஏ பக்கத்துப் பழைய பாதையை எடுங்கள்

கேபிளை உருவ வேண்டாம். முதலில் சர்வரில்: லினக்ஸ் என்றால் மல்டிபாத்திலிருந்து அந்தப் பாதையை நீக்கி, பிறகு அந்தப் பாதைக்கு லினக்ஸ் வைத்திருக்கும் எஸ்டி டிவைஸை டிலீட் செய்யுங்கள். விஎம்வேரில் பாதையை ‘ஆஃப்’ செய்தால் போதும். ஜோன் இன்னும் இருப்பதால், ஏதாவது தப்பாகத் தெரிந்தால் லினக்ஸில் ஒரு ரீஸ்கேன், விஎம்வேரில் திரும்ப ‘ஆன்’. பழைய நிலை வந்துவிடும். லாகில் எரர் இல்லை, பாதை மறுபடி 4 என்றால் பழைய ஜோனை எடுங்கள்.

படி 7: காத்திருங்கள்

பி பக்கத்தையும் அதே ராத்திரி முடித்துவிடக் கை அரிக்கும். வேண்டாம். ஒரு முழு பேக்கப் ஓடட்டும். நள்ளிரவு பேக்கப்தான் பாதைகளை உண்மையாகச் சோதிக்கும். மோசமான கேபிள் பகல் சுமையில் வாயே திறக்காது. மறுநாள் படி 1-இலிருந்து பி பக்கத்துக்கு அதே வேலை. நேற்று எண்ணினோமே என்று விடாதீர்கள். என் எட்டாவது சர்வரை நான் அப்படித்தான் விட்டேன்.

இரண்டு பக்கமும் முடிந்ததும் ஸ்டோரேஜில் பழைய போர்ட்டுக்கான லன் இணைப்புகளை நீக்கலாம். நீக்கும் முன் அந்தப் போர்ட்டில் இன்னும் யார் லாகின் ஆகியிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் ஷீட்டில் இல்லாத ஒரு ஹெச்பிஏ முகவரி அங்கே இருந்தால், அது யாருடைய சர்வர் என்று தெரியும்வரை கேபிள் அங்கேயே இருக்கட்டும்.