குழந்தைநல மருத்துவர் பயிற்சி: மாற்றுத்திறன் குழந்தைகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகெங்கும் ஏறத்தாழ 24 கோடி குழந்தைகள் ஏதோ ஒரு மாற்றுத்திறனுடன் வாழ்கிறார்கள் என்று யுனிசெஃப் 2021-இல் கணக்கிட்டது. பத்துக் குழந்தைகளில் ஒருவர். இவர்களைப் பார்க்காமல் எந்தக் குழந்தைநல மருத்துவரும் காலம் தள்ள முடியாது. இருந்தும் மருத்துவர் பயிற்சியில் இக்குழந்தைகளுக்கென ஒதுக்கப்படுவது பெரும்பாலும் சில வாரச் சிறப்புப் பிரிவுப் பணியும் ஓரிரு வகுப்புகளும்தான்.

எனக்குத் தெரிந்து அடிப்படைத் தவறே இதுதான். சிறப்புப் பிரிவில் பயிற்சி மருத்துவர் காண்பது நோயறிதலையும் தெரபியையும். ஆனால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் காய்ச்சல் வரும், வயிற்றுப்போக்கு வரும், கை முறியும். நடு இரவில் அவசரப் பிரிவுக்கு வரும் அந்தக் குழந்தையை யார் தொடுவது, எப்படி ஊசி போடுவது என்று அங்கிருக்கும் இளம் மருத்துவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். புறநோயாளிப் பிரிவு, வார்டு, அவசரப் பிரிவு என எல்லா இடத்திலும் இந்தப் பாடம் கலந்திருக்க வேண்டும். சிறப்புப் பிரிவுப் பணி அதற்கு மேல் கூடுதலாக இருக்கட்டும்.

அடுத்த தவறு உயிருக்கே ஆபத்தானது. பேச இயலாத, மூளை முடக்குவாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு குன்றும் நிலை) உள்ள ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். சில நாட்களாக இரவெல்லாம் அழுகிறாள், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறாள். "இந்தப் பிரச்சினை உள்ள குழந்தைகள் இப்படித்தான்" என்று எழுதிவிட்டு மருத்துவர் நகர்ந்துவிடுகிறார். உண்மையில் அது சொத்தைப் பல்லாக இருக்கலாம். காதில் சீழ், கடும் மலச்சிக்கல், உணவுக்குழாய்க்கு ஏறும் அமிலம், இடுப்பு மூட்டு விலகல், எவரும் கவனிக்காத எலும்பு முறிவு என எதுவாகவும் இருக்கலாம். ஏற்கெனவே உள்ள குறைபாடு புதிய நோயை மறைத்துவிடும் இந்தப் போக்கை ஆய்வாளர்கள் 1982-லேயே பெயரிட்டுச் சுட்டிக்காட்டினார்கள். இன்றும் அது தொடர்கிறது. வேறெந்தக் குழந்தையாவது இப்படி அழுதால் எங்கெல்லாம் தேடுவேன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தைப் பயிற்சி மருத்துவருக்கு ஊட்டியாக வேண்டும். முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்ற முடிகிறதா என்பதைப் பார்த்து வலியை மதிப்பிடும் அளவுகோலுக்கு, இத்தகைய குழந்தைகளுக்கென்றே திருத்திய வடிவமும் இருக்கிறது. வலித்தால் இந்தக் குழந்தை என்ன செய்யும் என்று தாயிடம் கேட்டு, அந்த அடையாளங்களை அதில் சேர்த்துக்கொள்ளலாம். இதைப் படுக்கையருகே செய்து காட்டுங்கள். வகுப்பறையில் சொன்னால் மனதில் நிற்காது.

அரிய நோய்களின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதும் வீண் உழைப்பு. அடிக்கடி காணும் குழந்தைகளில் எதை எப்போது சோதிக்க வேண்டும் என்பதே கைகொடுக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கும். தைராய்டு, பிறந்தபோது சரியாக இருந்தாலும் பிறகு குறையலாம் என்பதால், அதை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது. அசைவுத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் 1997-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் நிலை எண் கூடக்கூட அசைவு குறையும், ஆபத்தும் கூடும். ஐந்தாம் நிலையில் பெரும்பாலானோருக்கு இது நேர்கிறது. வலி வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும், எக்ஸ்ரே அதற்கு முன்பே தேவை. ஸ்பைனா பைஃபிடா (முதுகெலும்பு பிறவியிலேயே முழுமையாக மூடாத நிலை) உள்ள குழந்தையை, ஒவ்வாமை வரக்கூடும் என்பதால், லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) கையுறையோடு தொடக் கூடாது என்பதையும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ரவுண்ட்ஸில் "நல்ல கேஸ்" என்று பத்துப் பேர் படுக்கையைச் சூழ்ந்து, கால் விறைப்பைச் சோதித்துவிட்டு, குழந்தையிடம் ஒரு வார்த்தை பேசாமல் நகர்வது நெஞ்சை வருத்தும் காட்சி. பேச இயலாத குழந்தைக்கும் பெரும்பாலும் புரியும். பெயர் சொல்லி அழைத்து, என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். கண்ணசைவோ படப்பலகையோ நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் கொடுப்பதும் மருத்துவமே. கண்ணைக் கட்டிக்கொண்டும் சக்கர நாற்காலியில் அமர்ந்தும் ஒரு மணி நேரம் 'உணர்ந்து பார்க்கும்' பயிற்சிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை பரிதாபத்தையும் பயத்தையும்தான் வளர்க்கின்றன. மாறாக, மாற்றுத்திறனுள்ள பெரியவர்களையும் பெற்றோரையும் ஊதியம் தந்து ஆசிரியர்களாக அழையுங்கள். நோயறிதலைப் பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்பதையும் அவர்களே நன்றாகக் கற்றுத் தருவார்கள். தாங்கள் அதை எந்தச் சொற்களில் கேட்டோம் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தும் அவர்கள் மறப்பதில்லை.

வன்முறை பற்றிய பாடத்தில் இந்தக் குழந்தைகளை விட்டுவிடுகிறோம். மாற்றுத்திறன் குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.7 மடங்கு அதிகம் என்று 2012-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. காயத்தைக் கண்டதும் "அடிக்கடி விழுவான்" என்ற விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

கடைசியாகத் தேர்வு. எழுத்துத் தேர்வில் இவற்றில் எதுவும் தெரியவராது. மூத்தவர் ஒருவர் அருகிலிருந்து முழுப் பரிசோதனையையும் பார்க்க வேண்டும். நிற்க முடியாத குழந்தையின் எடையை எடுத்தாரா, அல்லது கண்ணால் மதிப்பிட்டு மருந்தின் அளவை எழுதினாரா? பெற்றோர் தூக்கிக்கொண்டு நின்றபின் அவர்களின் எடையைக் கழித்துவிடலாம். நிமிர்த்திப் படுக்கவைக்க முடியாவிட்டால் முழங்காலிலிருந்து குதிகால் வரை அளந்து உயரத்தைக் கணிக்கலாம். இந்த இரண்டையும் செய்தவருக்கு மதிப்பெண் கொடுங்கள். சக்கர நாற்காலியிலிருந்து குழந்தையை இறக்கும் முன் அவளிடமே கேட்டவருக்கு இன்னும் கூடுதலாகக் கொடுங்கள்.